கடலுக்குள் காற்றாலை வருவதற்கு முன் நாம் எதைக் கேட்க வேண்டும்?

கண்மாய்க்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். 2023 டிசம்பரில் துபாயில் கூடிய காலநிலை மாநாடு, நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றிலிருந்து விலகிச் செல்ல வேண்டும் என்றும், உலகின் புதுப்பிக்கத்தக்க மின்திறனை 2030க்குள் மும்மடங்காக உயர்த்த வேண்டும் என்றும் முடிவெடுத்தது. செய்தித்தாளில் அதைப் படித்துவிட்டு, எங்கோ நடக்கும் பேச்சு என்று மடித்து வைத்தவர்களில் நானும் ஒருவன். பிறகு ஒரு நாள் என் மாணவர்களுக்காக நம் இராமநாதபுரம் மாவட்ட வரைபடத்தில் மின் திட்டங்களைக் குறித்துக் காட்ட முயன்றபோதுதான், அந்தப் பேச்சு முழுவதும் நம் ஊரைச் சுற்றியே நடந்திருக்கிறது என்பது புரிந்தது.

வழுதூரில் இயற்கை எரிவாயுவில் ஓடும் மின் நிலையம் சுமார் 187 மெகாவாட். உப்பூரில் 1,600 மெகாவாட் அனல் மின் நிலையம் கட்டத் தொடங்கினார்கள். 2021இல் பசுமைத் தீர்ப்பாயம் அதன் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தி வைத்தது, அதே ஆண்டில் மின்வாரியமும் அதைத் தூத்துக்குடி மாவட்டத்து உடன்குடிக்கு மாற்றுவதென முடிவு செய்தது. கமுதி அருகே செங்கப்படையில் 2016இல் முடிக்கப்பட்ட 648 மெகாவாட் சூரிய மின் நிலையம், ஒரே இடத்தில் அமைந்தவற்றுள் அப்போது உலகிலேயே பெரியதாகப் பேசப்பட்டது. 2025இல் இம்மாவட்டத்தில் 20 ஹைட்ரோகார்பன் ஆய்வுக் கிணறுகளுக்கு அனுமதி கிடைத்திருக்கிறது என்ற செய்தி வெளிவந்து, எதிர்ப்பு கிளம்பியதும் அதைத் திரும்பப் பெறுமாறு மாநில அரசு கூறியது. இப்போது மன்னார் வளைகுடாவில் கடலுக்குள்ளேயே காற்றாலைகள் நிறுத்தும் திட்டம் பேசப்படுகிறது. தண்ணியில்லாக் காடு என்று சொல்லி, பிடிக்காத அதிகாரிகளைத் தூக்கிப் போட்ட மாவட்டத்தைத் தேடி இன்று வெயிலுக்கும் காற்றுக்கும் ஆள் வருகிறது.

நான் கேட்க விரும்புவது ஆதரவா எதிர்ப்பா என்பதை அன்று. உப்பூரில் மக்கள் வேண்டாம் என்றார்கள். கமுதிப் பக்கம் பெரிதாக எவரும் எதுவும் சொல்லவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவே, ‘வரட்டும், ஆனால் இன்னின்ன நிபந்தனைகளோடு வரட்டும்’ என்று பேசும் பழக்கம் நமக்கு ஏற்படவே இல்லை. அந்த நிபந்தனைகள் எவை என்பதை இந்த இழையில் எழுதிப் பார்ப்போம்.

என் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு சூரிய மின் நிறுவனத்துக்காக இடைத்தரகர் ஒருவர் மானாவாரி நிலங்களை வாங்கினார். மிளகாயும் ஒரு போகம் நெல்லும் போட்டு, மழை பொய்த்த ஆண்டில் தரிசாகவே விட்டுவிடும் நிலம்தான். என் சிறிய தகப்பனார் நல்ல விலை என்று விற்றார். ஆனால் அந்தத் தரிசில் கிடை போட்டு வந்த ஆட்டுக்காரருக்குப் பட்டாவும் இல்லை, பங்கும் இல்லை. அவர் இப்போது கிடையை எங்கே கொண்டுபோகிறார் என்று சிறிய தகப்பனாருக்கே தெரியாது.

மின்கம்பி எழுதியது:

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். மின்துறையில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற உரிமையில் ஒரு தெளிவுரை. மெகாவாட் என்பது ஆலையின் திறன். அது ஊருக்குத் தரும் மின்சாரம் வேறு கணக்கு. வண்டியின் வேகமானியில் 120 என்று போட்டிருப்பதால் வண்டி நாள் முழுவதும் 120இல் ஓடுவதில்லை. நம் வெயிலில் சூரிய ஆலை ஆண்டுச் சராசரியாகத் தன் திறனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைத் தரும் என்று வைத்துக்கொண்டால், 648 மெகாவாட் நாளொன்றுக்குச் சுமார் 31 லட்சம் யூனிட் தரும். அதே திறனுள்ள அனல் நிலையம் முழுமூச்சாக ஓடினால் அதைப்போல நான்கு மடங்குக்கு மேல் தரும். நிலக்கரிக்கு மாற்றாக எத்தனை மெகாவாட் வெயில் வேண்டும் என்று கணக்கிடுகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

இன்னொன்று விலை. கமுதி நிலையத்தின் மின்சாரத்துக்கு 25 ஆண்டுகளுக்கு ஒப்புக்கொள்ளப்பட்ட விலை யூனிட்டுக்கு 7.01 ரூபாய். அந்த நிலையம் முடிந்து ஓராண்டு ஆவதற்குள், 2017 மே மாதத்தில், ராஜஸ்தானில் பட்லா ஏலத்தில் விலை 2.44 ரூபாய்க்கு இறங்கியது. இதில் எவரையும் குற்றம் சொல்வதற்கில்லை. தகடு விலை அவ்வளவு விரைவாக விழும் என்று அன்று பலர் எதிர்பார்க்கவில்லை. ஆனால் புதிய தொழில்நுட்பத்தை முதலில் வாங்குகிறவர் கூடுதல் விலை கொடுக்கிறார் என்பதையும், அந்தக் கூடுதல் விலை கால் நூற்றாண்டுக்கு மின்வாரியத்தின் கணக்கிலேயே நிற்கிறது என்பதையும் கடல் காற்றாலையைப் பேசும்போது மறந்துவிடக் கூடாது.

தென்கடல் எழுதியது:

நான் பாம்பன் பக்கத்து நாட்டுப்படகுக் குடும்பம். இப்போது வேலை கரையில் என்றாலும் அப்பாவும் அண்ணன்மாரும் கடலில்தான் இருக்கிறார்கள். கடலுக்குள் காற்றாலை என்று சொல்லும்போது அந்தக் கடலை வெற்றிடமாக நினைத்துப் பேசுகிறார்கள் என்பதே என் முதல் வருத்தம்.

எங்களுக்குக் கடல் ஒன்று இல்லை, இரண்டு. பாக் நீரிணைப் பக்கம் வடகடல், மன்னார் வளைகுடாப் பக்கம் தென்கடல். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும். வலையைக் கட்டிக்கொண்டு வடகடலுக்கு வந்துவிடுவோம். வாடை இறங்கியதும் வடகடல் கெடும், தென்கடலுக்குப் போவோம். பெண்டு பிள்ளைகளையும் சட்டி பானைகளையும் ஏற்றிக்கொண்டு கரை மாறிக் குடிசை போட்டுத் தங்கும் குடும்பங்கள் இன்றைக்கும் இருக்கின்றன. ஆகவே கச்சான் மாதத்தில் ஓர் ஆய்வுக்குழு வந்து தென்கடலைப் பார்த்தால், ‘இங்கே படகுகள் மிகக் குறைவு’ என்று எழுதிவிட்டுப் போகும். அது பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. ஆய்வு எந்த மாதத்தில் நடந்தது என்று கேட்பது என் முதல் நிபந்தனை.

‘மாற்றம்’ என்ற சொல்லை நாங்கள் முன்பே ஒருமுறை கேட்டுவிட்டோம். 2017இல் பாக் நீரிணையின் இழுவைமடிப் படகுகளைக் கைவிட்டு ஆழ்கடல் சூரை மீன்பிடிக்கு மாறுவதற்கு ஒரு திட்டம் வந்தது. மூன்று ஆண்டுகளில் 2,000 படகுகள் என்பது இலக்கு. ஒரு படகு 80 லட்சம் ரூபாய். அதில் பாதி மத்திய அரசு, 20 விழுக்காடு மாநில அரசு, 20 விழுக்காடு வங்கிக் கடன், மீதி 10 விழுக்காடு படகுக்காரர் கை முதல். காகிதத்தில் தாராளமான திட்டம்தான். ஆனால் பழைய படகை ஒப்படைத்துவிட்டு, தலைமுறையாகப் பழகாத ஆழ்கடலுக்கு, நாள் கணக்கில் தங்கும் மீன்பிடிக்கு, இருக்கும் கடனுக்கு மேல் இன்னொரு கடனோடு போக எத்தனை பேர் துணிவார்கள்? இலக்கில் சிறு பங்குதான் நிறைவேறியது. அந்தத் திட்டத்தின் நோக்கத்தை நான் இன்றும் சரி என்றே சொல்வேன். அப்படிப்பட்ட நோக்கமே கரையில் எப்படி மணல் தட்டி நின்றது என்பதை, காற்றாலைத் திட்டம் வகுப்பவர்கள் ஒருமுறை வந்து கேட்டுப் போகலாம்.

கரிமூட்டம் எழுதியது:

பெரிய திட்டங்களுக்கு நடுவே ஒரு சிறு குரல். சாயல்குடி, முதுகுளத்தூர் வட்டாரங்களில் சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரி போட்டுப் பிழைப்பவர்களும் எரிசக்தித் தொழிலாளர்கள்தாம், ஆனால் எந்த அறிக்கையிலும் அந்தப் பெயரில் எங்களை எவரும் எழுதுவதில்லை. விறகைக் கும்பமாக அடுக்கி, வைக்கோலும் தழையும் பரப்பி, ஈர மண்ணால் மூடித் தீ வைத்தால், முதலில் வெள்ளைப் புகை மண்டும். அது மரத்தின் ஈரம். நாட்கள் சென்று புகை மெலிந்து நீலம் ஓடினால் கரி விளைந்துவிட்டது என்று பொருள். அந்த நேரத்தில் கண் அயர்ந்து எங்காவது மண் விரிந்ததைப் பார்க்காமல் விட்டால் மூட்டம் முழுவதும் சாம்பல். என் தந்தையின் இருமல் எந்தப் புகையால் வந்தது என்று எனக்குத் தெரியும், ஆகவே இந்தத் தொழில் என்றென்றும் இருக்க வேண்டும் என்று வாதாட மாட்டேன்.

நான் சொல்வது இதுதான்: சீமைக்கருவேலத்தை அகற்றுங்கள் என்று நீதிமன்றம் சொல்லும்போதும், தரிசைச் சூரியத் தகட்டுக்குக் கொடுங்கள் என்று அரசு சொல்லும்போதும், அந்த முள்காட்டில் உலை எரிந்துகொண்டிருந்த குடும்பங்கள் எத்தனை என்ற கணக்கை எவரும் எடுக்கவில்லை. ஆட்டுக்காரரைப் பற்றி ஆசிரியர் எழுதியதைப் படித்ததும் எழுதத் தோன்றியது.

பழைய பாலம் எழுதியது:

எதற்கு இத்தனை கவலை? அமெரிக்கர் ஒருவர் ஆண்டுக்கு ஏறத்தாழ 14 டன் கரியமில வாயுவை வெளியிடுகிறார், இந்தியர் 2 டன். முதலில் அவர்கள் குறைக்கட்டும். நம் கடலையும் காட்டையும் அவர்களுடைய பாவக்கணக்குக்கு ஏன் அடகு வைக்க வேண்டும்?

கீழக்கரை காக்கா எழுதியது:

தம்பி பழைய பாலத்தின் கணக்கு சரி, முடிவு அரைச்சரி. நான் இருபது ஆண்டுகளாக வளைகுடா நாட்டில் கணக்காளராக இருப்பவன். எண்ணெய்ப் பணத்தில்தான் என் பிள்ளைகள் படித்தார்கள், அதை மறைக்கவில்லை. கீழக்கரையில் பாதி வீடுகளின் கதை அதுவே. ஆனால் அவர்கள் குறைக்கும்வரை கடல் நமக்காகக் காத்திருக்காது. 2010லும் 2016லும் மன்னார் வளைகுடாவில் நீர் சூடேறிப் பவளப்பாறைகள் வெளுத்தன. அந்தச் சூட்டை யார் கிளப்பினார்கள் என்று பவளம் விசாரித்துவிட்டுச் சாகவில்லை.

நீதி கேட்க வேண்டிய இடம் வேறு, அது பணம். அனல் நிலையத்தில் செலவின் பெரும்பகுதி நாள்தோறும் எரிக்கும் நிலக்கரியில் இருக்கிறது. காற்றுக்கும் வெயிலுக்கும் எரிபொருள் செலவே இல்லை. மொத்தச் செலவும் முதல் நாளே வந்துவிடுகிறது, அதைக் கடன் வாங்கித்தான் கட்ட வேண்டும். ஆகவே இத்தகைய மின்சாரத்தின் விலையை வெயில் எவ்வளவு தீர்மானிக்கிறதோ அவ்வளவு வட்டியும் தீர்மானிக்கிறது. வளரும் நாடுகளில் இத்தகைய திட்டங்களுக்கான முதலீட்டுச் செலவு பணக்கார நாடுகளைவிட இரு மடங்குக்கும் மேல் என்று பன்னாட்டு எரிசக்தி முகமை கூறிவருகிறது. அதாவது ஜெர்மனியின் மங்கிய வெயிலுக்கு மலிவான கடன், இராமநாதபுரத்தின் கொளுத்தும் வெயிலுக்கு விலையேறிய கடன். 2024இல் பாகூவில் கூடிய மாநாட்டில், வளரும் நாடுகளுக்காக 2035க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் திரட்டுவது என்று முடிவானது; அந்த நாடுகள் பேசியது 1.3 லட்சம் கோடி டாலர். இந்தியா அவையிலேயே எதிர்ப்பைப் பதிவு செய்தது. ஒத்துக்கொண்ட தொகையிலும் எவ்வளவு மானியம், எவ்வளவு கடன் என்பது தெளிவாக எழுதப்படவில்லை. கடனாக வந்தால், அதைத் திருப்பிக் கட்டப்போவது பாம்பனிலும் கமுதியிலும் மின்கட்டணம் செலுத்துகிறவர்கள்தாம்.

இன்னும் ஒன்று. சூரியத் தகடு செய்யும் ஒவ்வொரு கட்டத்திலும் உலக உற்பத்தியில் 80 விழுக்காட்டுக்கு மேல் சீனாவின் கையில் இருக்கிறது. எண்ணெய்க்கு ஒரு வளைகுடாவை நம்பியிருந்தவர்கள் தகட்டுக்கு ஒரே நாட்டை நம்பப் போகிறோம். ஒரு வேறுபாடு உண்டு: எண்ணெய் நின்றால் மறுநாள் வண்டி நிற்கும்; தகடு வருவது நின்றாலும் ஏற்கெனவே மாட்டிய தகடு இருபது ஆண்டுகளுக்கு மேல் மின்சாரம் கொடுத்துக்கொண்டிருக்கும். அதனால் இதை அதே அடிமைத்தனம் என்று சொல்பவர்களோடு நான் உடன்படுவதில்லை.

மின்கம்பி எழுதியது:

காக்கா சொன்ன வட்டிக் கணக்கை நம் கடலுக்கு இறக்கிப் பார்க்கிறேன். 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை கடல் காற்றாலைகளுக்கு 7,453 கோடி ரூபாய் ஒதுக்கியது. அதில் 6,853 கோடி, குஜராத்தில் 500, தமிழ்நாட்டில் 500 என்று மொத்தம் 1,000 மெகாவாட் நிறுவுவதற்கான இடைவெளி நிதி, அதாவது செலவுக்கும் வருவாய்க்கும் நடுவே விழும் பள்ளத்தை நிரப்ப அரசு தரும் பணம். மீதி 600 கோடி துறைமுக மேம்பாட்டுக்கு. அப்படியானால் மெகாவாட்டுக்கு ஏறத்தாழ 6.85 கோடி ரூபாய் அரசின் உதவி. கமுதியில் 648 மெகாவாட்டுக்கு ஆன மொத்தச் செலவு சுமார் 4,550 கோடி, அதாவது மெகாவாட்டுக்கு 7 கோடி. 2016இல் ஓர் ஆலையையே கட்டி முடித்த பணம், இன்று கடல் காற்றாலைக்கு உதவித்தொகையாகவே போகிறது!

இதைப் படித்ததும் ‘வீண்செலவு’ என்று தோன்றும். எனக்கும் தோன்றியது, பிறகு மறுபக்கத்தையும் கணக்கிட்டேன். கடல் காற்று கரைக்காற்றைவிட நிதானமானது. ஆண்டுச் சராசரியாகத் திறனில் 45 விழுக்காடு கிடைக்கும் என்று கொண்டால், 500 மெகாவாட் கடல் காற்றாலை நாளொன்றுக்கு 54 லட்சம் யூனிட் தரும். கமுதியின் 31 லட்சத்தைவிடக் கணிசமாக அதிகம், அதுவும் பொழுது சாய்ந்த பிறகும். 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. பகலின் தேவையைச் சூரியன் தாங்கும். மாலை ஆறரைக்கு மேல் விளக்கும் விசிறியும் குளிர்சாதனமும் ஒருசேர ஓடும்போது தாங்க ஆள் வேண்டும். இன்று அதைப் பெரும்பாலும் நிலக்கரியே தாங்குகிறது. மின்கலச் சேமிப்பு, நீரை மேலே ஏற்றி வைத்து வேண்டும்போது இறக்கி மின்சாரம் எடுக்கும் நீரேற்று நிலையம், காற்று ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் அந்த இடம் நிரம்பும்.

ஆனால் தென்கடல் தம்பி அறிந்த உண்மை ஒன்று இதில் இடிக்கிறது. காற்று உச்சத்தில் வீசுவது கச்சான் மாதங்களில். அதே மாதங்களில்தான் முப்பந்தல், கயத்தாறு பக்கத்துக் கரைக்காற்றாலைகளும் உச்சத்தில் ஓடும். மாநிலத்தில் ஏற்கெனவே 11,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலைகள் உள்ளன. காற்று மிகுந்த நாட்களில் சில ஆலைகளைக் குறைத்து ஓட்டுமாறு பணித்ததை நானே கட்டுப்பாட்டு அறையில் இருந்து பார்த்திருக்கிறேன். எனவே என் நிபந்தனை: காற்றாலைக்கு முன் கம்பித்தடமும் சேமிப்பும் வர வேண்டும்.

கூரைச் சூரியத் தகடு பற்றியும் ஒரு சொல். 3 கிலோவாட்டுக்கு மத்திய அரசு 78,000 ரூபாய் மானியம் கொடுத்தும் நம் பக்கம் ஆர்வம் குறைவாகத் தெரிவதற்குக் காரணம் எளிது. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். சிறு வீட்டுக்காரர் கட்டும் தொகையே சொற்பம், அவர் எதற்குக் கடன் வாங்கித் தகடு மாட்டுவார்? மாட்டியவர்களின் பாடும் வேறு. கடற்கரையில் உள்ள என் மகள் வீட்டில் விண்ணப்பம் ஓர் அலுவலகத்தில் நான்கு மாதம் தூங்கியது. தகடு வந்த பின் உப்புக்காற்றில் தாங்கு சட்டத்தின் திருகாணிகள் ஒரே ஆண்டில் துருப்பிடித்தன. துருப்பிடிக்காத எஃகு கேட்டு வாங்குங்கள் என்பதை இங்கே விளம்பரமாகவே சொல்லிவிடுகிறேன்.

தென்கடல் எழுதியது:

மின்கம்பி ஐயா, 54 லட்சம் யூனிட் என்ற கணக்கை அப்பாவிடம் சொன்னேன். ‘கம்பத்தைச் சுற்றி எவ்வளவு தூரம் வலை போடக்கூடாது என்பார்கள்?’ என்று மட்டும் கேட்டார். ஐரோப்பாவில் நாட்டுக்கு நாடு விதி வேறுபடுகிறது. சில நாடுகளில் காற்றாலைகளுக்கு நடுவே படகு போகலாம், சில இடங்களில் தடை. கம்பங்களுக்கு நடுவே தூண்டிலும் செவுள் வலையும் போட விட்டால் எங்கள் பேச்சு ஒன்று. மொத்த இடத்தையும் வேலி கட்டினால் பேச்சு வேறு. கம்பத்தின் அடியில் பாறைபோல் மீன் அடையும் என்பதும் உண்மைதான். அந்த மீனைப் பிடிக்க எங்களை விடுவார்களா என்பதே கேள்வி.

பறவைகளும் உண்டு. 2025இல் தனுஷ்கோடியில் பூநாரைச் சரணாலயம் அறிவித்தார்கள். எதிர்க்கரையில் இலங்கையின் மன்னாரில் 2020 முதல் 103.5 மெகாவாட் காற்றாலைகள் ஓடுகின்றன. அங்கே அடுத்த பெரிய திட்டத்தை எதிர்த்துச் சுற்றுச்சூழல் அமைப்புகள் வழக்காடியதற்கு முக்கியக் காரணம் வலசைப் பறவைகள். பறவைக்கு இந்தக் கரை அந்தக் கரை என்று எல்லைக்கோடு கிடையாது. இரு கரைக் காற்றாலைகளையும் சேர்த்து ஒரே ஆய்வு நடக்க வேண்டும். மீனவர் பிரச்சினைக்கே அப்படி உட்கார்ந்து பேச முடியாத இரு அரசுகள் பறவைக்காக உட்காருமா என்று எனக்கு ஐயம்தான்.

ஏர்வாடி மகள் எழுதியது:

இத்தனை நேரம் படித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் தென்கடல் படகுகளைப் பற்றி எழுதினார். படகுக்குப் பதிவு எண் இருக்கிறது, சங்கம் இருக்கிறது. என் அம்மா கடற்பாசி எடுப்பவர். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, இடுப்பில் பையைக் கட்டி, தீவுகளை ஒட்டிய பாறைகளில் மூழ்கி எடுப்பார். உச்சியில் வெயில், கழுத்துவரை கடல். துணியைக் கழற்றினால் விரல் நுனியெல்லாம் வெட்டு; உப்புநீர் பட்டுப் பட்டு அந்த வெட்டுகள் ஆறாமலேயே வெளுத்துப் போயிருக்கும். அவருக்குக் கடலில் உள்ள உரிமைக்கு எந்தக் காகிதமும் இல்லை.

1986இல் 21 தீவுகளையும் சேர்த்துத் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டபோது என் பாட்டியிடம் யாரும் கேட்கவில்லை. பவளத்தைக் காப்பது நல்லது என்று எங்கள் பெண்களுக்கும் தெரியும். பாசி வளரும் காலத்தில் எடுக்காமல் விடுவதும், இரும்புக் கரண்டியால் சுரண்டக் கூடாது என்பதும் அவர்களே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. ஆனாலும் பூங்கா வந்தபின், காலங்காலமாகப் போன இடத்துக்கே ஒளிந்து போக வேண்டிய நிலை வந்தது. காற்றாலை தீவுகளைத் தாண்டி ஆழத்தில் வரும் என்கிறார்கள். இருக்கட்டும், அந்த மின்சாரத்தைக் கரைக்குக் கொண்டுவரும் கடலடிக் கேபிள் எந்த வழியாக வரும்? தீவுகளுக்கும் கரைக்கும் நடுவேதானே வர வேண்டும்? அங்கேதான் எங்கள் பாறைகள் இருக்கின்றன. கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தால் அரங்கின் முன்வரிசையில் விசைப்படகுச் சங்கங்கள் அமரும், அடுத்து நாட்டுப்படகு. பாசிப் பெண்கள் அன்று கடலில் இருப்பார்கள்.

கண்மாய்க்கரை எழுதியது:

சகோதரி எழுதியதற்குப் பிறகு என் கேள்வியையே திருத்திக்கொள்கிறேன். நிபந்தனை என்று நான் நினைத்தது விலை, வேலை, நட்டஈடு ஆகியவற்றை. ஆட்டுக்காரர், கரிமூட்டக்காரர், பாசிப் பெண்கள் ஆகிய மூவருக்கும் உள்ள தொல்லை ஒன்றே: அவர்கள் பயன்படுத்தும் இடம் எந்தப் பதிவேட்டிலும் அவர்கள் பெயரில் இல்லை, அதனால் இழப்பீட்டுப் பட்டியல் தொடங்கும்போதே அவர்கள் அதற்கு வெளியே இருக்கிறார்கள். நிலக்கரிக்கு எதிராக உப்பூரில் நின்றபோதும், வெயிலுக்காகக் கமுதிப் பக்கம் விற்றபோதும் இந்தப் பதிவேடு மாறவில்லை. எரிபொருள் மட்டும்தான் மாறியது.

ஆகவே திட்டம் வரும்வரை காத்திராமல், நாமே ஒரு வரைபடம் போட்டுவிடலாம் என்று தோன்றுகிறது. எந்த மாதம், எந்தப் பாறை, எந்தக் கரை, எத்தனை பேர் என்ற நான்கு பத்திகள் போதும். அதை அடுத்த கிராம சபையில் தீர்மானமாக வைத்தால், பின்னாளில் ‘இங்கே யாரும் இல்லை’ என்று எழுதுகிறவர்கள் அந்தத் தீர்மானத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். மின்கம்பி ஐயா, கடலடிக் கேபிள் கரையேறுவதற்குத் தோதான இடங்கள் எவை என்று துணைமின் நிலையங்களின் இருப்பிடத்தை வைத்து ஓரளவு ஊகிக்க முடியுமா?

மின்கம்பி எழுதியது:

முடியும். உயர் அழுத்தத் துணைமின் நிலையத்துக்கு அருகே, ஆழம் மெல்லக் கூடும் கரையையே தேடுவார்கள். இரண்டு மூன்று இடங்களைக் குறித்து அடுத்த வாரம் படமாக இடுகிறேன். அது என் ஊகம் மட்டுமே என்று படத்திலேயே எழுதிவிடுவேன்.

ஏர்வாடி மகள் எழுதியது:

அம்மாவும் மற்றவர்களும் அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில்தான் பாசிக்குப் போவார்கள். அமாவாசைக்கு இன்னும் நான்கு நாட்கள் இருக்கின்றன. போகும் முன்பே ஒவ்வொருவரிடமும் பாறையின் பெயரைக் கேட்டு எழுதி வைக்கிறேன். பாறைகளுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர்கள் எந்த வரைபடத்திலும் இருக்காது, அதனால் அம்மாவை மின்கம்பி ஐயாவின் படத்தின் முன் உட்கார வைத்து விரலால் தொட்டுக் காட்டச் சொல்ல வேண்டியிருக்கும். படத்தைச் சற்றுப் பெரிதாக இடுங்கள், ஐயா.